உறைபனியும் மதுரையும்: விராலிமலையிலிருந்து மூன்று நாள் பயணம்

மார்கழியில் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும்; அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கும். விவசாயக் குடும்பம் வீட்டைவிட்டு நகரத் தோதான நேரம் அதுதான். மாடுகளைப் பங்காளி வீட்டில் ஒப்படைத்துவிட்டு, மணப்பாறை, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குக் காரில் கிளம்பினோம்.

பிள்ளைகள் கேட்டது பனிமலை. இமயமலைபோலப் பனி கொட்டும் இடம் தமிழ்நாட்டில் இல்லை. டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் விழுவது உறைபனி. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தை இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் சரிவு பச்சையாக இருக்கும்போதே, பள்ளத்துப் புல்வெளி உப்புப் பூத்ததுபோல வெளுத்துக் கிடக்கிறது. விடிகாலையில் போனால்தான் பார்க்கலாம். வெயில் ஏறினால் கரைந்துவிடும்.

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறைக்குப் போனோம். படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவே குழந்தை வேலப்பர் கோயில். நம் ஊர் முருகனைக் கும்பிட்டுக் கிளம்பியவர்களுக்கு அங்கேயும் முருகன்தான். இந்தப் பகுதி மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டும் கேரட்டும் ஓரளவு பனி தாங்கும். உருளையும் பீன்ஸும் தாங்காது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, வெயில் பட்டதும் செடி தீய்ந்ததுபோலக் கருகிவிடும். மண் ஈரமாக இருந்தால் பகல் வெப்பத்தை அதிகம் பிடித்து வைக்கும் என்பதால் பாசனம் கொடுக்கிறார்கள். நீலகிரியில் இளம் தேயிலைச் செடிகளைத் தழை போட்டு மூடுகிறார்கள். நாம் படம் எடுக்கும் வெள்ளை, இன்னொரு விவசாயிக்கு விளைச்சல் கணக்கு. பிள்ளைகள் அதைக் கேட்ட பிறகு, பயிருக்குள் இறங்கவில்லை.

மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உரோமத்துக்கான செம்மறிகளையும் முயல்களையும் அங்கே பார்க்கலாம்.

திரும்பும்போது மதுரை. மீனாட்சியம்மன் கோயில் எல்லோரும் போவதுதான். காந்தி அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959 முதல் இயங்குகிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ல், மேலமாசி வீதி வீட்டில்தான் அவர் சட்டையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். உடுத்த முழுத்துணி இல்லாத ஏழைகளைப் பார்த்ததுதான் காரணம். ஏர் பிடித்த நம் பாட்டன்மார் உடுத்திய உடுப்பு அது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

மேலூர், துவரங்குறிச்சி வழியாக வீடு திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம், முன்பே பதிவு செய்யுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாத்திரம் போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். கம்பளி, குல்லா அவசியம். மலைப்பூண்டை விளைவித்தவரிடமே வாங்குங்கள். விலை அவர் கையில் சேரட்டும்.