காவுதடியின் இரு முனைகள்

வேலைக்குப் போன பிள்ளை மாலையில் கொண்டுவரும் சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது எல்லா வீட்டு உம்மாமார்களுக்கும் உள்ள வழக்கம்தான். மீந்திருப்பதைக் கொண்டு அன்றைய சமையலுக்கு நாமே மதிப்பெண் போட்டுவிடலாம். 2017ஆம் ஆண்டில் என் மூத்த மகன் பரமக்குடியில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தான். காலை ஏழரைக்கு இராமநாதபுரத்தில் பேருந்து ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவான். முதல் இரண்டு மாதங்கள் பெட்டி பாதிச் சோற்றோடு வந்தது. மூன்றாம் மாதம் முதல் காலியாக வந்தது. வெறும் காலியாக அல்ல, கழுவித் துடைக்கப்பட்டு வந்தது! உண்ட தட்டை முற்றத்தில் கொண்டு வைக்கவே பத்து முறை சொல்ல வேண்டிய பிள்ளை அவன். நான் ஐயப்பட்டிருக்க வேண்டும். மாறாக, மகிழ்ந்துபோனேன்.

நான் பாடம் நடத்தும் பெண்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தி ஒருநாள் என்னிடம் வந்து, "உஸ்தாதா, நேற்று உங்கள் வீட்டுச் சாம்பார்ச் சோறு நன்றாக இருந்ததாக அத்தா சொல்லச் சொன்னார்கள்" என்றாள். அவளுடைய தகப்பனார் பரமக்குடியில் அதே கடைத்தெருவில் காவலாளி. செய்தி விளங்கிவிட்டது. உணவு வீணாகவில்லை, ஒருவரின் பசி தீர்ந்திருக்கிறது என்பதில் எனக்கு ஆறுதலே. ஆனால் மகன் நாள்தோறும் பரோட்டாவும் சால்னாவும் தின்று, ஒன்பதாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் அதிலேயே தொலைத்து, இரவில் நெஞ்செரிச்சலோடு படுக்கையில் புரண்டுகொண்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, தலையைக் குனிந்தபடி அவன் சொன்னது இது: "நீங்கள் காலையில் போடும்போது அது சோறு, உம்மா. ஒரு மணிக்கு நான் திறக்கும்போது அது களி."

ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவளுக்கு அந்தச் சொல் எப்படியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

2018இல் என் லாத்தாவின் மகளுக்குப் பினாங்கில் நிக்காஹ். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேலாக இரயில். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகு. கார்களையும் மனிதர்களையும் சேர்த்து ஏற்றிச் செல்லும் பழைய பெரிய படகுகள் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. 2020இன் இறுதியோடு அவை நிறுத்தப்பட்டுவிட்டன. அப்போது தீவுக்குப் போக ஒரு வெள்ளி இருபது காசு. திரும்பி வரக் கட்டணமே இல்லை. கால்மணி நேரப் பயணத்தில், எதிரே ஜார்ஜ் டவுனின் ஓட்டுக் கூரைகள் மெல்ல மெல்லப் பெரிதாகி வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நம் ஊர்க் கரைகளிலிருந்து போனவர்களும் ஒரு காலத்தில் இந்தக் காட்சியைத்தானே முதலில் கண்டிருப்பார்கள்!

1786இல் ஆங்கிலேயர் அத்தீவில் குடியேற்றம் அமைத்த சிறிது காலத்திலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்களும் கூலியாட்களும் அங்கே வேரூன்றிவிட்டனர். சூலியா தெரு என்று ஒரு தெருவே அவர்கள் பெயரால் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி நடந்தால், காதில் விழும் பேச்சில் பாதி நம் பேச்சாகவே இருக்கிறது. 2008இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அப்பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் தெருக்கள் துலங்கிவிட்டன என்றார் மச்சான். வாடகையும் ஏறிவிட்டது என்றார் லாத்தா.

நான் சொல்ல வந்தது 'நாசி கண்டார்' என்னும் உணவைப் பற்றி. மலாய் மொழியில் நாசி என்றால் சோறு; கண்டார் என்றால் தோளில் தடி வைத்துச் சுமப்பது. நம் தமிழில் அத்தடிக்குக் காவுதடி என்று பெயர். இன்று பினாங்கில் மின்விளக்கு மின்னும் பெரிய உணவகங்களிலெல்லாம் நாசி கண்டார் கிடைக்கிறது; கேம்பல் தெருவில் உள்ள ஹமீதிய்யா உணவகம் 1907இல் தொடங்கப்பட்டது என்று சொல்கிறார்கள். ஆனால் அதன் பிறப்பு உணவகத்தில் அன்று, துறைமுகத்தில். நம்மவர்கள் விடியலில் சமைத்து, தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடையையும் மறுமுனையில் ஆணப் பானைகளையும் தொங்கவிட்டு, பெங்கலான் வெல்ட் கடற்கரைக்குச் சுமந்து சென்று, மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். இப்போது சரக்குக் கப்பல்கள் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டன. மூட்டை சுமப்போரும் இல்லை, தடி சுமப்போரும் இல்லை.

ஒரு தடியை மட்டும் நான் பார்த்தேன். பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில் ஒரு சிறிய தேநீர்க் கடை. கல்லாவுக்கு மேலே இரண்டு ஆணிகளில் கிடத்தி வைத்திருந்தார்கள். கறுத்த மரம், நடுவில் மட்டும் பளபளப்பு. கடைக்காரப் பெரியவர் கடையநல்லூர்ப் பக்கத்து மனிதர்; எண்பதை நெருங்கியவர். அது அவருடைய தகப்பனார் சுமந்த தடி. "அந்த வழவழப்பு அத்தாவுடைய தோளில் தேய்ந்தது, மகளே" என்றார். இரண்டு முனையும் ஒத்த எடையாக இல்லாவிட்டால் அரை மைல் போவதற்குள் தோள் கழன்றுவிடும் என்று தடியைச் சுமக்கும் வகையைக் கையால் காட்டி விளக்கினார்.

"ஆணத்தைச் சோற்றில் ஊற்றியே கொண்டு போயிருக்கலாமே, பானைகளின் பாரம் குறைந்திருக்குமே" என்று நான் கேட்டேன். விவரமில்லாத கேள்விதான். பெரியவர் சிரித்துவிட்டார். "கப்பல் வேலைக்காரனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று ஏது? ஒருவன் ஏழு மணிக்கு வருவான், ஒருவன் பதினொன்றுக்கு வருவான். சோறும் ஆணமும் தட்டில்தான் சந்திக்க வேண்டும். முன்னாலேயே சந்தித்துவிட்டால் களியாகிப் போகும், மகளே."

களி! மகனுடைய அதே சொல். ஆயிரம் கல்லுக்கு அப்பால், அவனைக் கண்டிராத ஒருவர் வாயிலிருந்து. நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றிரவே லாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் துறைமுக அலுவலகத்துக்கு இருபது ஆண்டுகளாக வீட்டுச் சோறுதான் கொண்டு போகிறார். அங்கே அடுக்குப் பெட்டிக்கு 'மங்கோக் திங்காட்' என்று பெயர். கிண்ண அடுக்கு என்பது பொருள். மறுநாள் காலையில் லாத்தா அதை நிரப்பும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சோற்றை முதலில் அகலத் தட்டில் பரப்பி ஆவி அடங்கவிட்டார்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வியர்த்துச் சோற்றிலேயே சொட்டும். சோறு குழைவதும் வாடை அடிப்பதும் அதனால்தான். ஆணம் தனி அடுக்கில், நீர்க்க இல்லாமல் சுண்ட வைத்தது. மூன்றாவது அடுக்கில் நெத்திலிக் கருவாடும் வேர்க்கடலையும் மொறுமொறுவென்று வறுத்து, மிளகாய்ச் சம்பலில் இலேசாகப் புரட்டியது. அதன் ஓரத்திலேயே சிறு கிண்ணத்தில் 'அச்சார்': வெள்ளரி, கேரட், அன்னாசித் துண்டுகளை உப்பிட்டுப் பிழிந்து, காடியிலும் மிளகாயிலும் ஊறவைத்து, வறுத்த எள்ளும் பொடித்த கடலையும் தூவியது.

"நீ அடுப்படியில் சூட்டோடு ருசி பார்த்து உப்புப் போடுகிறாய்" என்றார்கள் லாத்தா. "ஆறின சாப்பாட்டில் நாக்குக்கு ருசி வேறாகத்தான் தெரியும். ஆறவைத்து ருசி பார்த்துவிட்டுப் பிறகு போடு."

இருபத்தைந்து ஆண்டுகள் சமைத்தும் இது எனக்குத் தோன்றியதில்லை. இதைவிட வெட்கம் தந்தது இன்னொன்று. நானும் பன்னிரண்டு ஆண்டுகளாக மதரஸாவுக்குப் பெட்டி கொண்டு போகிறேன். எல்லோருக்கும் கட்டியது போக அடியில் மீந்ததை அள்ளிப் போட்டு, லுஹர் தொழுகைக்குப் பின் பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓடுவேன். அது களியா சோறா என்று நான் பார்த்ததே இல்லை. மகன் பார்த்தான், அவ்வளவுதான் வேறுபாடு.

ஊர் திரும்பியதும் சோதனைகள் தொடங்கின. எல்லாம் பலித்தன என்று எழுதினால் அது பொய். அங்கே 'நாசி உலாம்' என்று ஒன்று உண்டு: ஆறின சோற்றில் பச்சிலைகளை நூல் போல அரிந்து கலப்பது. வல்லாரையும் புதினாவும் கறிவேப்பிலையும் அரிந்து, வறுத்த தேங்காய்ப்பூவும் கருவாட்டுப் பொடியும் சேர்த்து மிகுந்த ஆசையோடு கட்டிக் கொடுத்தேன். "ஆட்டுக்கு வைத்த பெட்டி எனக்கு மாறி வந்துவிட்டதா, உம்மா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அது எனக்கு மட்டும் பிடித்தது. இன்றும் என் பெட்டியில் வாரம் ஒருநாள் அதுதான். வாழையிலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த அன்று, இலையைத் தணலில் வாட்ட மறந்துவிட்டேன். மடிப்பில் இலை கிழிந்து, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் வெள்ளை வேட்டியில் மீன் ஆணம் ஒழுகிவிட்டது. இலையை வாட்டினால் அது துணி போல மடியும், மணமும் ஏறும். ஆனாலும் ஆணத்தை மூடி இறுகும் எவர்சில்வர்ச் சம்புடத்தில் வைப்பதே மானத்துக்கு நல்லது.

'நாசி லெமாக்' என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். நம் வீடுகளில் ஆக்கும் தேங்காய்ப்பால் சோற்றுக்கு அது உறவுதான். ரம்பை இலை மணம் அதில் தூக்கலாக இருக்கும். பினாங்கில் அதைப் பெரும்பாலும் காலையிலேயே உண்டு முடித்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அதைப் பெட்டியில் அடைத்து ஒரு மணிவரை வைத்திருந்தால் புளித்துப்போகும். தேங்காய்ச் சட்டினிக்கும் இதே கதிதான். தேங்காய் வேண்டுமென்றால் வறுத்த தேங்காய்தான் பெட்டிக்கு ஏற்றது. அங்கே மாட்டிறைச்சியை நார் நாராகப் பிய்த்து, துருவிய தேங்காயோடும் மிளகாய் மல்லியோடும் சிறு தீயில் ஈரம் முழுவதும் வற்றும்வரை கிண்டி, 'செருண்டிங்' என்று டப்பாவில் அடைத்துப் பல நாள் வைத்துக்கொள்கிறார்கள். பொறுமை வேண்டும், தீயைக் கூட்டினால் கருகிவிடும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒருமுறை கிண்டிவிட்டால் வாரத்தில் இரண்டு காலைகள் எனக்கு மிச்சமாகின்றன. இறைச்சி இல்லாத வாரத்தில் நம் மாசிச் சம்பலே அந்த வேலையைச் செய்துவிடும். மாசியை இடித்து, வறுத்த தேங்காயும் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து நன்றாக வதக்கிவிட்டால், வெறும் வெள்ளைச் சோற்றுக்கு அது போதும்.

இராமநாதபுரத்தில் மீனுக்குக் குறைவில்லை. முதல் நாள் இரவு தேங்காய்ப்பால் விடாமல், புளியைக் கெட்டியாகக் கரைத்து வைத்த மீன் ஆணம் மறுநாள்தான் ருசிக்கிறது. காலையில் அதைக் கொதிக்க வைத்துச் சுண்டவிட்டுச் சம்புடத்தில் அடைத்தால் சமையலே இல்லை. சோறு வடிப்பது மட்டும்தான் வேலை. அச்சாருக்கு அன்னாசி கிடைக்காத நாளில் மாங்காய் போட்டேன். அது அன்னாசியைவிட நன்றாகவே இருந்தது என்பது என் எண்ணம். லாத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படி ஏறக்குறைய ஆறு வாரங்கள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை இரவு பெட்டியைத் திறந்தேன். கழுவவில்லை. சம்புடத்தின் ஓரமெல்லாம் ஆணம் காய்ந்து ஒட்டியிருந்தது. சோற்று அடுக்கில் சூடை மீன் முள் ஒரு பிடி. அவனைக் கூப்பிட்டு ஏன் கழுவவில்லை என்று கடிந்துகொள்ள வேண்டிய உம்மாதான், கடிந்துகொள்ளவில்லை. நானே உட்கார்ந்து தேய்த்தேன். புதன்கிழமைகளில் மட்டும் தோழர்களோடு பரோட்டாவுக்குப் போவான். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவான்.

அடுத்த வாரம் மதரஸாவில் அதே சிறுமி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "உஸ்தாதா, அண்ணன் இப்போதெல்லாம் பெட்டியைக் கொடுப்பதில்லையாம். அத்தாவிடம் ஏதும் வருத்தமா என்று கேட்கச் சொன்னார்கள்." எனக்குத் திக்கென்றது. என் பிள்ளையின் பெட்டியைச் சீராக்கியதில் ஒரு மனிதருடைய பகல் உணவைப் பறித்துவிட்டதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய், மூன்றடுக்குப் பெட்டிக்கு மாற்றாக நான்கடுக்குப் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். மறுநாள் நெத்திலி வறுவலும் அச்சாரும் வைத்து, அந்த நான்காம் அடுக்கைத் தனிக் கவனத்தோடு நிரப்பி மகனிடம் கொடுத்தனுப்பினேன். சிறுமி பதில் கொண்டுவந்தாள். "எல்லாம் நன்றாக இருந்ததாம், உஸ்தாதா. ஆனால் அத்தாவுக்கு அந்தப் பழைய சாம்பார்ச் சோறுதான் ரொம்பப் பிடிக்குமாம். அதையே வைக்க முடியுமா என்று கேட்டார்கள்."

இப்போது நான்காம் அடுக்கில் நன்றாகக் குழைத்த சாம்பார்ச் சோறு போகிறது.