மூடிய கதவுக்குள் ஒரு நெம்புகோல்

ஹேவ்லாக் தீவில் விமான ஓடுபாதை இல்லை. ஆயினும் ஒரு காலத்தில் அதன் கரையோரக் கடலில் விமானம் வந்து இறங்கியது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் மும்பையின் ஜூஹூ விமான நிலையத்தில் 'ஜல் ஹன்ஸ்' என்னும் கடல்விமானச் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. பவன் ஹன்ஸ் நிறுவனமும் அந்தமான் நிக்கோபார் நிருவாகமும் இணைந்து நடத்திய அச்சேவை, போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்கிற்கும் வடக்கே திக்லிப்பூருக்கும் பயணிகளைக் கொண்டு சென்றது. ஜல் ஹன்ஸ் என்றால் நீர் அன்னம். பொருத்தமான பெயர்தான். அன்னம் நிலத்தில் நடக்கும்; நீரில் நீந்தும்; வானில் பறக்கும். செஸ்னா 208 காரவான் என்னும் அந்தச் சிறு விமானமும் போர்ட் பிளேரில் சக்கரங்களால் ஓடி மேலெழும்பி, ஹேவ்லாக்கில் மிதவைகளால் நீரில் இறங்கியது. கப்பலில் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும் வழியை அரைமணிக்குள் கடந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் அச்சேவை நின்றுபோயிற்று. ஊர்ப்பெயர்களும் மாறின. 2018இல் ஹேவ்லாக், சுவராஜ் தீவு ஆயிற்று. 2024இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அந்த விமானத்தைச் சிறு மாதிரியாகச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர் ஒருவர் இத்தீவில் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அவர் மேசையில் ஒரு கத்தி, ஓர் இடுக்கி, உப்புத்தாள், ஒரு பூதக்கண்ணாடி ஆகியவை இருக்கின்றன.

அவர் தேர்ந்தெடுத்த அளவு நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. உண்மை விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ 16 மீட்டர். மாதிரியில் அது 33 செ.மீ. ஆகும். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரியது. இறக்கை, வால், மிதவை, முன்விசிறி ஆகியவற்றைச் செய்வதில் அவருக்குப் பெருந்தடை ஏதுமில்லை. விமானத்தின் வெளித்தோற்றத்தைப் பலர் படம் எடுத்திருக்கின்றனர். கரையில் நின்று பார்த்த எவரும் அதன் வடிவத்தைக் கூறுவர். இடர்ப்பாடு உள்ளேதான் தொடங்குகிறது.

மாதிரி விமானங்களுக்கு உட்புறம் எப்போதும் இருந்ததில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம். 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு அந்நாட்டுப் பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் அவற்றைச் செய்து, கருநிறம் பூசி அனுப்பினர். வானில் தெரியும் நிழலுருவைப் பார்த்தே நட்பு விமானம் எது, பகை விமானம் எது எனப் படைவீரர்கள் அடையாளம் காண வேண்டும். அதற்குப் புறவடிவம் மட்டும் போதும். உள்ளே யார் அமர்ந்திருக்கிறார் என்னும் வினாவிற்கு அங்கே இடமில்லை. அதே ஆண்டு மார்ச்சில் அந்தமான் ஜப்பானியர் வசமாயிற்று. அவர்களுடைய பெரிய கடல்விமானங்கள் போர்ட் பிளேர் துறைமுகத்தில் மிதந்தன. தொலைவில் ஒரு வகுப்பறையில் கருநிறக் கட்டையாகச் செதுக்கப்பட்டவை அவற்றைப் போன்ற விமானங்களே. கட்டையாகச் செய்வது போருக்குப் பொருந்தும். பயணம் செய்தவர்களின் விமானத்தைச் செய்ய அது பொருந்தாது.

எனவே நம் இளைஞர் உட்புறத்தைத் தாமே செய்யத் துணிகிறார். பெட்டியில் விற்கப்படும் மாதிரிகளில் இருக்கை என்ற பெயரில் பெரும்பாலும் ஒரு நெகிழிக் கட்டியே இருக்கும். அதை அவர் ஒதுக்கிவிடுகிறார். முதல் சிக்கல் சுவரில் எழுகிறது. மாதிரியின் உடற்சுவர் 1 மி.மீ. தடிப்புடையது. மெல்லியதுதானே என்று தோன்றும். ஆனால் அதை நாற்பத்தெட்டால் பெருக்கினால் 4.8 செ.மீ.; உண்மை விமானத்தின் அலுமினியத் தகடோ ஏறத்தாழ 1 மி.மீ.தான். சன்னல் விளிம்பில் அந்தத் தடிப்பு தெரிந்தால் விமானம் கோட்டைச் சுவர்போலக் காட்சியளிக்கும். ஆகவே சன்னலைச் சுற்றி உட்புறமாகச் சுரண்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குகிறார். சற்று அழுத்தினால் சுவர் ஓட்டையாகிவிடும். இரண்டு மாலைப்பொழுதுகள் இவ்வொரு வேலையில் கழிகின்றன.

அடுத்து இருக்கைகள். உண்மையில் 45 செ.மீ. அகலமுள்ள இருக்கை இங்கே 9 மி.மீ.க்குச் சற்று மிகுதி. மெல்லிய நெகிழித் தகட்டை வெட்டி, முதுகுப்பகுதியைச் சற்று வளைத்து ஒட்டுகிறார். இருக்கை வார் 5 செ.மீ. அகலமுடையது, மாதிரியில் அது 1 மி.மீ. மாத்திரை அட்டையின் பின்புறத்து அலுமினியத் தாள் அதற்கு உதவுகிறது. துணி மடிவதுபோல அத்தாள் மடியும். மடித்த இடத்தில் நிற்கும். பழுதான இயர்போனைப் பிரித்தால் தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பி கிடைக்கும்; அது வாரின் கொக்கியாகிறது. நெகிழித் தண்டு ஒன்றை மெழுகுவத்தியின் சூட்டில் இளக்கி மெதுவாக இழுத்தால் நூலாக நீள்கிறது. அது விமானி அறையின் குழாயாகவும் கைப்பிடியாகவும் மாறுகிறது. கடல் கொந்தளித்துக் கப்பல் வராத நாள்களில்கூட இப்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பசையும் வண்ணமும் தீர்ந்தால் மட்டும் காத்திருக்க வேண்டும்.

கருவிப் பலகையே மிகக் கடினமானது. ஏறத்தாழ 8 செ.மீ. விட்டமுள்ள கருவிமுகம் மாதிரியில் 1.7 மி.மீ. வட்டமாகிறது. முதலில் வெண்ணிறம் பூசி உலரவிட்டு, அதன்மேல் கருநிறம் பூச வேண்டும். பிறகு பூதக்கண்ணாடியின் கீழ் ஊசிமுனையால் கருநிறத்தை மட்டும் கீறினால் அடியிலுள்ள வெண்மை வெளிப்பட்டுக் கடிகார முள்போல் நிற்கும். உள்ளிழுத்த மூச்சை வெளிவிடாமல் கீற வேண்டும். ஈரம் மிகுந்த தீவுக் காற்றில் வண்ணம் சில நாள் வெளிறிப் படர்ந்துவிடும். அப்போது துடைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். சன்னல்களுக்கு மரவேலைக்குரிய வெண்பசையையே அவர் பயன்படுத்துகிறார். உடனே பிடித்துக்கொள்ளும் பசையின் ஆவி, கண்ணாடிபோன்ற நெகிழியில் பனிமூட்டமாகப் படிந்துவிடும் என்பது முதல் மாதிரியில் கற்ற பாடம்.

கையால் செய்வதை இவ்வாறு கற்றுக்கொள்ளலாம். அந்த இருக்கைகளின் நிறத்தை எங்கே கற்றுக்கொள்வது? அதற்கு அமர்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். படகுத்துறையில் ஒருவர் சாம்பல் நிறம் என்கிறார். மற்றொருவர் நீலம் என்று உறுதியாகக் கூறுகிறார். மருத்துவத்திற்காக ஒருமுறை அதில் சென்று வந்த முதியவர் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கிறார். "இருக்கை நினைவில் இல்லை தம்பி. சன்னல் நினைவில் இருக்கிறது. கீழே மிதவை தெரிந்தது, அதற்குக் கீழே கடல் தெரிந்தது" என்கிறார்.

காரவானின் இறக்கை உடலுக்கு மேலே அமைந்தது. ஆகையால் கீழ்நோக்கிய பார்வையை அது மறைப்பதில்லை. முதியவர் கூறியது சரியே. நிறம்பற்றி உறுதி கிடைக்காததால் இருக்கைகளுக்கு அவர் வெளிறிய சாம்பல் பூசி நிறுத்திக்கொள்கிறார். தெரியாத இடத்தில் பூவேலையோ கோடோ சேர்க்கவில்லை. ஆனால் முதியவரின் சன்னலருகே உள்ள வாரை மட்டும் கழற்றி வைத்ததுபோல் இருக்கையின்மேல் கிடத்துகிறார். இது வரலாறு அன்று. அவருடைய சிறு விருப்பம்.

இனி அந்த நெம்புகோல். நிலத்திலும் நீரிலும் இறங்கும் விமானத்தில் விமானி மறக்கக் கூடாத வினா ஒன்று உண்டு: சக்கரங்கள் மேலே உள்ளனவா, கீழே உள்ளனவா? ஓடுபாதையில் இறங்கச் சக்கரங்கள் கீழே வர வேண்டும். நீரில் இறங்கும்போது அவை மிதவைக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும். சக்கரங்களை நீட்டியபடியே நீரைத் தொட்டால், நீர் அவற்றைப் பிடித்திழுக்க, விமானம் மூக்குக் குப்புறக் கவிழ்ந்துவிடும். அதனால்தான் விமானியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு நெம்புகோலும் அதனருகே விளக்குகளும் வைக்கப்படுகின்றன. இவ்வகை மிதவைகளில் நீல விளக்கு நீருக்கு உரியது. பச்சை விளக்கு நிலத்திற்கு உரியது. போர்ட் பிளேரில் பச்சை, ஹேவ்லாக்கில் நீலம் என ஒரே பயணத்தில் இரண்டும் எரிந்திருக்கும்.

மாதிரியில் அந்த நெம்புகோல் 1 மி.மீ. உயரம். விமானத்தைச் சக்கரங்கள்மேல் நிறுத்துவதாகவே முதலில் திட்டமிட்டிருந்ததால், அதைக் கீழ்நோக்கி ஒட்டி ஊசிமுனையால் பச்சைப் புள்ளிகள் இட்டிருந்தார். பிறகு உடலின் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டி, இணைப்பைத் தேய்த்து மறைத்து, வெள்ளையும் பூசிவிட்டார். அதன் பின்னரே மனம் மாறியது. முதியவரின் சொல் கேட்டபின் விமானம் நீரில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒளி ஊடுருவும் பிசினை வார்த்துப் பச்சைநீலக் கடலைச் செய்தார். கடற்கரையில் கிடக்கும் பவளத்துண்டு ஒன்றைப் பதித்தால் அழகாயிருக்கும் என்று நண்பர் கூறினார். பவளம் சட்டத்தால் காக்கப்படுவது, எடுக்கக் கூடாது என மறுத்துவிட்டார். மிதவைகளின் சக்கரங்களை உள்ளே மடக்கி ஒட்டினார். விமானத்தைக் கடல்மேல் வைத்து ஒருமுறை பார்த்தார். அப்போதுதான் உள்ளே பச்சை எரிவது நினைவுக்கு வந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர் எவருக்கும் அது தெரியாது. சன்னல் வழியே விளக்கடித்துப் பார்த்தாலும் இருக்கைகளின் முதுகுதான் தெரியும். நண்பர் சிரித்தார். "யார் பார்க்கப் போகிறார்கள்? விட்டுவிடு" என்றார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பிளந்தால் முன் கண்ணாடி உடையக்கூடும், ஒரு மாத வேலை வீணாகக்கூடும். அன்றிரவு மாதிரி அப்படியே மேசைமேல் இருந்தது. மறுநாளும் இருந்தது. அந்த நிலையில் அது இறங்கினால் கவிழும் விமானமாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் விமானியின் பக்கக் கதவின் கோட்டின் வழியே கத்தியை மெல்ல ஓட்டினார். கதவு தனியே வந்தது. முன் கண்ணாடி உடையவில்லை. ஆனால் இருக்கை வார் ஒன்று அறுந்து எங்கோ விழுந்தது. இடுக்கியின் நுனியால் நெம்புகோலை மேலே தள்ளினார். பச்சைப் புள்ளிகளின்மேல் கருநிறமிட்டு மறைத்து, அது உலர்ந்தபின் அருகே நீலம் வைத்தார். கதவை மீண்டும் பொருத்தியபோது கீழ் ஓரத்தில் நூலளவு மேடு நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. மாதிரியைப் பார்க்க வருபவர்கள் அந்த மேட்டைத்தான் முதலில் சுட்டிக்காட்டுகின்றனர்.