கூட்டாளரை முன் நிறுத்துதல்

பண்டைக் காலத்தில் தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் ஔவையார் பரிசில் பெறச் சென்றார். அவருக்கு அறிமுகம் வேண்டியிருக்கவில்லை, புலமையே அறிமுகமாயிற்று. ஈந்த பொருளை மீண்டும் பெறப் புரவலன் எண்ணுவதும் இல்லை. ஆனால், தொழிலுக்கு முதல் இடுவோர் நிலை வேறு. இட்ட பொருள் நிற்குமா, பெருகுமா என்று அவர்கள் ஆராய்வர். ஆதலின், அவர்கள்முன் செல்வோர் தாம் யார், தம்முடன் நிற்போர் யார் என்பதை முதற்கண் கூறல் வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று வ. உ. சிதம்பரனார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயர் கம்பெனி கப்பல் விட்டு வந்தது. அதற்கு எதிராக 1906ஆம் ஆண்டில் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000; முதல் 10 இலட்சம் ரூபாய். சிதம்பரனாரோ வழக்கறிஞர், கப்பல் வாணிகம் பழகியவர் அல்லர். அவரை மட்டும் நம்பி எவர் பொருள் தருவர்?

கம்பெனியின் பொறுப்பாளர்களே அதற்கு விடையாயினர். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். வணிகர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் செயலாளரானார். இரண்டு இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளையும் வாங்கினார். சட்டத் துணைவருள் ஒருவர் சேலம் விசயராகவாச்சாரியார்; அந்நாளில் தருமபுரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஓயாது உழைத்த சிதம்பரனார் தமக்கு ஏற்றுக்கொண்டது உதவிச் செயலாளர் பதவியே!

1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. எனினும், அயலார் போட்டி கடுமையாயிற்று. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. நல்லோர் கூட்டமும் இழப்புக்கு உள்ளாதல் உண்டு என்பதை இது காட்டுகிறது.

இன்று தருமபுரி மாவட்டத்து இளைஞர் மூவர், சாமை அரிசி ஆலை ஒன்றை நிறுவ முதல் தேடுகின்றனர் என்று கொள்க. 'எல்லாம் நானே அறிவேன்' என்று ஒருவர் முழங்கினால் கேட்போர் ஐயுறுவர். 'இவர் பொறி இயக்க வல்லவர். இவர் உழவரிடம் தானியம் கொள்பவர். கணக்கு என் பொறுப்பு. விற்பனை அறிந்தவர் எம்மிடம் இன்னும் இல்லை. மழை பொய்த்தால் வருவாய் குறையும்' என்று உரைத்தால் நம்புவர். குறையை மறையாது கூறுபவன் கணக்கையும் மறையான் அன்றோ? பிறர் பொருளைக் கேட்குமுன் நம் உண்மையை அவர்முன் வைத்தலே முறை.