மலையருவியும் மண் கழுவும் யந்திரமும்

கள்ளக்குறிச்சிக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றுதான் பலரும் கேட்பார்கள். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகிற வழியில், பஸ் நிற்கும்போது ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகிற ஊர் என்பதுதான் அவர்களுக்கு ஞாபகம். ஆனால் அந்த ஊர் இப்போது பழைய ஊர் அல்ல. விழுப்புரம் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராகவே உயர்ந்துவிட்டது.

மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகப் படுத்துக் கிடக்கிறது. கிழக்கே பார்த்தால் நெல்லும் கரும்பும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். சின்னசேலம் பக்கம் போனால், மலையிலும் அடிவாரத்திலும் விளைகிற மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக மாற்றுகிற ஆலைகள். டவுனைச் சுற்றி அரிசி ஆலைகள். சுருக்கமாகச் சொன்னால், மண்ணை நம்பி வாழ்கிற ஊர். மண்ணை நம்பினால் சேறும் கூடவே வரும் அல்லவா? அறுவடை யந்திரம், டிராக்டர், கரும்பு லாரி எல்லாம் வேலை முடிந்து வரும்போது, அசல் நிறம் என்ன என்று கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கும். அதனால்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் "வாட்டர் சர்வீஸ்" என்ற பலகைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன.

அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் நாத்தனார்தான் என்னை ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனாள். அவளுக்கு ஒரு மனக்குறை. போன மழைக்காலத்தில் மொட்டை மாடியெல்லாம் பாசி பிடித்துவிட்டது. சுத்தம் செய்ய வந்த ஒருவர் கைப்பெட்டி மாதிரி ஒரு சின்ன யந்திரத்தைக் கொண்டுவந்து காலையில் ஆரம்பித்தாராம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், மாடி முழுவதும் கோடு கோடாகக் கோலம் போட்ட மாதிரி இருந்ததாம்!

"அந்த ஆள் மேலே குற்றமில்லைம்மா. யந்திரத்திலே தண்ணி பத்தலை" என்று பட்டறைக்காரர் சிரித்தார்.

சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒப்பந்தக்காரர்களுக்குப் பெரிய யந்திரங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது அவர் வேலை. வாசலிலேயே ஒன்று பாதி உருவாகி நின்றது. எனக்கு யந்திரம் என்றால் கிரைண்டர், மிக்ஸி வரைக்கும்தான் பழக்கம். ஆனால் அவர் விளக்கியபோது, விஷயம் முழுக்க நம் சமையலறையிலேயே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடிப்பிடித்த பால் பாத்திரத்தை எப்படிக் கழுவுகிறோம்? முதலில் நாரை வைத்து அழுத்தித் தேய்க்கிறோம். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலம்புகிறோம். தேய்த்துவிட்டு அலம்பாமல் விட்டால், பெயர்ந்த கரி பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தேய்க்காமல் எத்தனை குடம் ஊற்றினாலும் கரி அசையாது. இந்த யந்திரத்தில் அழுத்தம் என்பது தேய்க்கிற கை. ஓட்டம் என்பது அலம்புகிற தண்ணீர். கைப்பெட்டி யந்திரத்தில் அழுத்தம் ஓரளவு இருக்கும். தண்ணீரோ நிமிஷத்துக்கு ஆறு, ஏழு லிட்டர்தான். ஒப்பந்தக்காரருக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டராவது வேண்டும். மாடி கோலமான மர்மம் இதுதான்.

அழுத்தத்துக்கு அவர்கள் சொல்லும் கணக்கு "பார்". பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் அதிகப்படி அழுத்தம் ஏறத்தாழ 1 பார். இந்த யந்திரத்தில் 200 பார்! அந்த அழுத்தத்தோடு சிறு துளை வழியே வெளியேறும் தண்ணீரின் வேகம் விநாடிக்குச் சுமார் 200 மீட்டர். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆகாய விமானத்தின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வேகத்தில் 30 லிட்டரைத் தள்ள, நஷ்டங்களையும் சேர்த்தால் 15 குதிரைச் சக்தி என்ஜின் தேவைப்படுகிறது. பம்பின் தலை பித்தளை. உள்ளே மூன்று தண்டுகள் முன்னும் பின்னும் போய்வருகின்றன. அவற்றின் மேல் உறை என்ன தெரியுமோ? பீங்கான்! நம் ஊறுகாய் ஜாடிக்குத் தூரத்து உறவு. தண்ணீரில் துருப்பிடிக்காது, எளிதில் தேயாது. ஒரு தண்டு உறிஞ்சும்போது இன்னொன்று தள்ளும்; அதனால் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராக வரும்.

என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது; பம்ப் தாங்குவதோ 1450 சுற்றுதான். ஆகவே என்ஜினில் சின்னச் சக்கரம், பம்பில் ஏறக்குறைய இரண்டு பங்கு பெரிய சக்கரம், நடுவில் பெல்ட். மாவரைக்கும் கிரைண்டரிலும் மோட்டாருக்குச் சின்னச் சக்கரமும் உரலுக்குப் பெரிய சக்கரமுமாக இதே சூத்திரம்தானே!

"எல்லாத்தையும் விட முக்கியம் இந்தத் தொட்டி" என்று பக்கத்திலிருந்த 500 லிட்டர் தொட்டியைத் தட்டிக் காட்டினார். வீட்டுக் குழாய் நன்றாக வந்தாலே நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான். முப்பது லிட்டர் கேட்கிற பம்பை நேராகக் குழாயில் மாட்டினால் அதற்குப் பசி தீராது. பசித்த பம்புக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகி, உடைந்து உடைந்து உலோகத்தையே அரித்துவிடுமாம். அதனால் தொட்டி, தொட்டியின் வாயில் மணல் வடிகட்டி. கையிலிருக்கும் துப்பாக்கியின் விசையை விட்டுவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? அதற்கென்று ஒரு வால்வு இருந்து, தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் குழாயோ பம்போ வெடித்துவிடும்.

நாத்தனார் துப்பாக்கியைப் பிடித்துப் பார்க்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. தண்ணீர் பாயும்போது சுமார் 10 கிலோ எடையளவுக்கு அது கையைப் பின்னால் தள்ளும். அது மட்டுமல்ல, பீச்சு தோலில் பட்டால் ஊசி குத்தின மாதிரி சின்னத் துளைதான் தெரியும், உள்ளே சதையைக் கிழித்திருக்கும். ரத்தம் அதிகம் வரவில்லையே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிடக்கூடாது; உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன யந்திரத்தால் பட்ட காயம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த யந்திரம் ஓடினால், அவர்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

இதெல்லாம் மேல்நாட்டில் பழைய சங்கதி. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கெர்ஹர் என்பவர் 1950-லேயே வெந்நீரை அழுத்தத்தோடு பீச்சும் யந்திரத்தைச் செய்துவிட்டார். நம் நாட்டில் இதனால் ஆகவேண்டிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. அது மாடிப் பாசி அல்ல, சாக்கடை.

கழிவுநீர்க் குழாய்க்குள் போகும் முனை வேறு விதமானது. அதன் துளைகள் பின்பக்கம் பார்த்திருக்கும். தண்ணீர் பின்னால் பீச்ச, முனை தானே முன்னால் ஊர்ந்து போகும். அடைப்பைப் பெயர்த்து, சேற்றையும் வாரிக்கொண்டு வரும். அங்கே நிமிஷத்துக்கு நூறு, இருநூறு லிட்டர் தேவை. ஓட்டம் போதாவிட்டால் சேறு நடுவழியில் நின்றுவிடும். அப்போது, "ஒரு ஆளை இறக்கு" என்ற பேச்சு எழுகிறது. எத்தனை தாய்மாரின் பிள்ளைகளை விஷவாயு கொண்டுபோயிருக்கிறது! மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. பணம் கொடுக்கலாம், பிள்ளையைக் கொடுக்க முடியுமா? 2024 டிசம்பரில் சென்னையில் இருநூறுக்கு மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களுக்குக் கழிவுநீர் அகற்றும் வாகனங்களைக் கொடுத்து, அவர்களையே தொழிலதிபர்களாக்கினார்கள். நல்ல வழி இதுதான். குழிக்குள் இறங்கிய கை, குழிக்கு வெளியே நின்று வால்வைத் திருப்ப வேண்டும்.

"யந்திரம் கட்டுறப்ப லிட்டரைக் குறைச்சா விலை குறையும்மா. ஆனா அந்தக் குறையை ஒரு ஆளு உள்ளே இறங்கித் தீர்க்கணும்" என்றார் பட்டறைக்காரர். இந்த வார்த்தை மனசை விட்டு அகலவில்லை.

மறுநாள் மலைக்குப் பிரயாணம். கச்சிராயபாளையம் தாண்டினால் அடிவாரத்தில் கோமுகி அணை. 1965-ல் கட்டி முடித்தது. முழுக் கொள்ளளவு 46 அடி. அதற்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று மலையே இரண்டு. மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள், சாமைக் கொல்லைகள், கடுக்காய் மரங்கள். ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்த இந்த மலை 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இப்போது வெள்ளிமலையில் தாலுகா ஆபீஸே இருக்கிறது.

வெள்ளிமலைப் பக்கம் பெரியார் அருவி. மழைக்காலத்தில் அதன் கீழே போய் நின்றால், பட்டறைக்காரர் சொன்ன பாடம் முழுவதும் கண் முன்னால் நடக்கிறது. மேலிருந்து விழும் வேகம் பாறையைத் துடைக்கிறது; பின்னால் வரும் வெள்ளம் சருகையும் மண்ணையும் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போகிறது. கோடையில் அதே பாறையில் தண்ணீர் நூலாக இறங்கும்போது, பாசி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்த மலைத் தண்ணீர்தான் கோமுகியாகி, மணிமுக்தாவோடு கலந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. 30 லிட்டர் யந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் 1800 லிட்டர் செலவு. மலையில் குடத்தோடு நடக்கும் பெண்களைப் பார்த்த கண்ணுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் சின்ன யந்திரம் அதே வேலைக்கு நாள் முழுவதும் ஓடி, அதைவிட அதிகம் குடித்துவிட்டு, வேலையையும் பாதியில் விடலாம். தண்ணீரைக் கொஞ்ச நேரம் தாராளமாக விட்டு, சீக்கிரம் நிறுத்துவதுதான் சிக்கனம்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டு மாடிக்கோ, தொட்டிக்கோ, செப்டிக் டாங்கிக்கோ ஆள் வரும்போது, விலை பேசுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யந்திரம் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தரும்? தொட்டி கொண்டு வந்திருக்கிறீர்களா? உள்ளே யாராவது இறங்குவார்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், கூலி எவ்வளவு குறைவானாலும் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.