கொதிக்குங் கல்லும் கெடுதல் விகாரமும்

இலக்கணம் பயில்வார்க்குக் ‘கெடுதல்’ என்னுஞ் சொல் அச்சந் தருவதன்று. மரம் என்பதனோடு வேர் என்பது புணருங்கால், இடைநின்ற மகரம் கெட, மரவேர் என்றாகின்றது. எழுத்துக் கெட்டும் சொல் கெட்டிலது. அது கெட்டதனாலன்றோ இரு சொல்லும் இயைந்தன! இவ்விகாரம் கல்லின்கண்ணும் உண்டென்பதனை, விடுதியில் என்னோடு உறையும் இரசாயன மாணவர் ஒருவர் வாயிலாக யான் அறிந்தேன். அதனைத் தமிழிற் சொல்லுதல் இயலாதென்றார் அவர். இயலும் என்பது என் துணிபு.

1756-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கனிப்பொருளறிஞர் கிரான்ஸ்டெட் என்பார், ஒருவகைக் கல் சூடேறியபோது நீராவி கக்கி நுரைத்தலைக் கண்டு, ‘கொதிக்குங் கல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்கு ஜியோலைட் எனப் பெயரிட்டனர். சிலிக்கனும் அலுமினியமும் ஆக்ஸிஜனாற் பிணைப்புண்டு எழுந்த மாளிகை போல்வது அது. அதன் வாயில்கள் ஒரு நானோமீட்டர் அளவினும் குறுகியவை. அலுமினியம் நிற்குமிடந்தோறும் எதிர்மின்னேற்றம் உளதாகலின், அதனை ஈடுசெய்யச் சோடியம், கால்சியம் முதலியன உள்ளே குடியிருக்கும்.

இக்கல்லை அமிலத்தில் இட்டால், முதற்கண் அக்குடிகள் வெளியேற, ஹைட்ரஜன் அவ்விடங்களிற் புகும்; இது திரிதல் போலும். அமிலம் வலிதாயின் அலுமினியமே சுவரினின்றும் பெயரும், இது கெடுதல். கிளினோப்டிலோலைட் என்னும் இயற்கைக் கல், சிலிக்கன் மிகுதியுடைமையின், இவ்விழப்பைத் தாங்கி, அடைபட்ட வழிகள் திறக்கப்பெற்று நிற்கும். ‘ஏ’ எனப்படும் செயற்கை ஜியோலைட்டிலோ சிலிக்கனும் அலுமினியமும் சமமாகலின், அவ்வமிலத்தில் அது கட்டழிந்து கரையும்.

காரத்தின் செயல் இதற்கு மறுதலை; அது சிலிக்கனைக் கவர்வது. ‘இசட்-எஸ்-எம்-5’ என்னும் வகையைச் செறிவு குறைந்த சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில், 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், அரைமணி நேரம் வைப்பின், அதன் நுண்வழிகளினிடையே அகன்ற புழைகள் உண்டாகும். மூலக்கூறுகள் விரைந்து புகுந்து மீளும். ஆயின் எதிர்மின்னேற்றமுடைய அலுமினியம், அவ்வேற்றமேயுடைய காரத்துகளை விலக்கி, அயலிலுள்ள சிலிக்கனைக் காக்கின்றது. அலுமினியம் மிகின் புழை தோன்றுவது அரிது. மிகக் குறையின் காப்பாரின்றிச் சுவர் சிதையும். சிலிக்கன் 25 முதல் 50 வரைக்கு அலுமினியம் ஒன்று நிற்றலே தக்க அளவு என்பர்.

ஆகவே அமிலமும் காரமும் தம்மளவில் ஆக்குவனவும் அல்ல, அழிப்பனவும் அல்ல. எது நீங்கிற்று, எது எஞ்சி நின்று தாங்கிற்று என்பதே வினா. மகரம் கெடலாம், ‘மர’ என்பதும் கெடின் வேர் எதற்கு உரியது?

புதுக்கலைகள் புகுதற்கு நம் மொழியும் சில வாயில்களை அகற்றிக்கொள்ளல் வேண்டும். எதனை நெகிழ்ப்பது, எதனைக் காப்பது என்பதனை அதன் கட்டமைப்பை உணர்ந்தாரே அறிவர். அவ்வறிவு வேண்டியே யான் தமிழ் பயில்கின்றேன். ஜியோலைட் என்னும் அயற்பெயர், டகரம் இரட்டித்து உருபேற்று, ‘ஜியோலைட்டில்’ என இக்கட்டுரையிலேயே தமிழாய் நின்றமை காண்க.