மெதுவாச் சுத்துற மெஷின்

எங்க பெரியண்ணன் காலமாகி மூணு வருஷம் ஆகுது. அவர் ஓட்டின அம்பாசிடர் கார் அண்ணி வீட்டுக் கொட்டகையிலதான் நிக்குது. 1986 மாடல், வெள்ளை. பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் சுத்துவட்டாரத்துல கல்யாணம், காதுகுத்து, ராத்திரியில பிரசவத்துக்கு ஓடுறது எல்லாம் ஒரு காலத்துல அந்த வண்டியிலதான். அண்ணன் ஞாயித்துக்கிழமை ஆனா பனியன் துணியை வச்சு அரை நாள் துடைப்பார். இப்ப அம்பாசிடர் கம்பெனியே 2014லேயே வண்டி செய்யறதை நிப்பாட்டியாச்சு.

இந்தத் தை மாசம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அண்ணி கூப்பிட்டு, "தம்பி, மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க அண்ணன் வண்டிதான் போகணும். கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிக் குடுங்க"ன்னாங்க. அதுக்கென்ன அண்ணி, நான் பார்த்துக்கிறேன்னு வந்துட்டேன்.

எங்கிட்ட இரும்பு அறுக்கிற சின்ன கட்டிங் மெஷின் ஒண்ணு இருக்கு. மோட்டார் கொட்டகைக்குக் கதவு அடிக்க வாங்கினது. அதுல மாட்டுற கம்பளி பேடு கடையில கிடைச்சுது. ரப்பிங் காம்பவுண்டு ஒரு டப்பா வாங்கினேன். தனியா பாலிஷ் மெஷின் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும், இதுவும் சுத்துது அதுவும் சுத்துதுன்னு என் கணக்கு.

பானெட்டுல ஆரம்பிச்சேன். நடுவுல நல்லாத்தான் வந்துச்சு. முன்பக்க மடிப்பு ஓரத்துக்கு வந்ததும் ஒரு தீய்ஞ்ச வாடை. எடுத்துப் பார்த்தா வெள்ளை போய், உள்ள இருக்கிற செங்காவி பிரைமர் தெரியுது. உள்ளங்கை அகலம். ரெண்டு மூணு செகண்டுதான் இருக்கும்.

அண்ணி காபி கொண்டுவந்தவங்க அதைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. டம்ளரைத் திண்ணையில வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட எனக்குப் பரவாயில்லைன்னு இருந்திருக்கும்.

மறுநாள் காரைக்குடியில பழைய பெயிண்டர் ஒருத்தரைத் தேடிப் போனேன். நான் சொன்னதைக் கேட்டுட்டு அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் கையில குடுத்தார். "இதோட கனம் எவ்வளவு இருக்கும்ணே?" நான் முழிச்சேன். "ஏறக்குறைய 100 மைக்ரான். கம்பெனியில இருந்து வர்ற கார்ல பிரைமர், கலரு, மேல கிளியர் கோட்டு எல்லாம் சேர்ந்தே இந்தத் தாள் அளவுதான். கிளியர் கோட்டு மட்டும்னா இதுல பாதிகூட இல்லை. மடிப்பு, ஓரம், கோடு இருக்கிற இடத்துல இன்னும் மெலிசு. அந்த இடத்துல நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துற மெஷினை வச்சிருக்கீங்க."

வீட்டுக்கு வந்து மெஷின் தகட்டைப் பார்த்தேன். 11,000னுதான் போட்டிருக்கு. பத்து வருஷமா கையில வச்சிருக்கேன், ஒருநாளும் படிச்சதில்லை.

எங்க பக்கத்துச் செட்டியார் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். சுண்ணாம்புக் காரையைப் பல பூச்சாப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தது. நூறு வருஷம் கழிச்சும் கண்ணாடி மாதிரி இருக்கு. பளபளப்புங்கிறது மேடு பள்ளத்தை மட்டப்படுத்துறதுல வர்றது. கார்லயும் அதேதான். கீறல் மறையுதுன்னா கீறலைச் சுத்தியிருக்கிற பெயிண்ட்டைக் கீறல் ஆழத்துக்குத் தேய்ச்சு எடுக்கிறோம்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் குறையும். குறைஞ்சது திரும்ப வராது.

அதனால மெஷின் வாங்கப் போறவங்க முதல்ல பார்க்க வேண்டியது எவ்வளவு வேகமா ஓடுதுங்கிறதை இல்லை. எவ்வளவு மெதுவா ஓடுதுங்கிறதைத்தான். நல்ல ரோட்டரி பாலிஷர் நிமிஷத்துக்கு 600 சுத்துல ஆரம்பிச்சு 3,000 வரைக்கும் போகும். அந்த 600க்குத்தான் நாம காசு குடுக்கிறோம். சுவிட்சு போட்டதும் வெடுக்குன்னு கிளம்பாம மெல்ல வேகம் எடுக்கணும். அழுத்தினாலும் வெச்ச வேகத்துலயே ஓடணும். இந்த ரெண்டும் இல்லாத மெஷினைச் சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

கடைக்காரர் இன்னொரு வகையும் காட்டினார். டூயல் ஆக்‌ஷன்னு பேரு. பேடு சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும். ரொம்ப அழுத்தினா சுத்துறது நின்னுபோகும், அதனால சீக்கிரம் பெயிண்ட்டைத் தீய்க்காது. ரோட்டரி அப்படி இல்லை. பல்சக்கரத்துல நேரா ஓடுறது, நாம அழுத்த அழுத்தச் சூடு ஏறும். சொந்தக் கார் ஒண்ணு மட்டும், புது வண்டி, லேசான கீறல்னா டூயல் ஆக்‌ஷன் போதும். பழைய வண்டி, நல்லா வெளுத்துப்போன பெயிண்ட், படகுன்னு வேலை இருந்தா ரோட்டரிதான் சீக்கிரம் வெட்டும். எனக்கு அண்ணன் வண்டி பூராவும் வெளுத்திருந்ததால ரோட்டரியே எடுத்தேன்.

அப்புறம் தூக்கிப் பாருங்க. ரெண்டரை கிலோவும் மூணரை கிலோவும் கடையில ஒண்ணு போலத்தான் இருக்கும். கதவுப் பக்கம் அரை மணி நேரம் பிடிச்சா அந்த ஒரு கிலோ தோள்பட்டையில தெரியும். கை களைச்சா பேடு சாயும், சாய்ஞ்சா ஓரம் தீய்க்கும். பேடு மாட்டுற மரை என்ன அளவுன்னு கேளுங்க. பெரும்பாலும் எம்-14. என் கட்டிங் மெஷின்ல இருக்கிறது எம்-10, அதனால பழைய பேடு இதுல ஏறலை. கார்பன் பிரஷ் நம்ம பக்கத்து ஊர்ல கிடைக்குமான்னும் கேட்டுக்குங்க. 1,200 வாட்ஸ் மெஷினை வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டலாம்னு நினைச்சுடாதீங்க.

வாங்கினதும் நேரா வண்டிக்குப் போகலை. பழைய இரும்புக் கடையில நசுங்கின கார் கதவு ஒண்ணு வாங்கி, நாலு நாள் அதுல பழகினேன். வேணும்னே ஒரு ஓரத்தைத் தீய்ச்சும் பார்த்தேன், எவ்வளவு நேரத்துல போகுதுன்னு தெரிஞ்சுக்க. பெயிண்டர் சொன்னபடி செஞ்சது இவ்வளவுதான். வண்டியை மண் இல்லாம நல்லாக் கழுவணும், ஒரு மணல் துகள் மாட்டினாலும் வட்டம் வட்டமாக் கீறும். மடிப்பு, ஓரம், ரப்பர் எல்லாத்துக்கும் டேப் ஒட்டணும். நிழல்லதான் வேலை. 600ல காம்பவுண்டைப் பரப்பி, 1,000 இல்லை 1,200க்கு ஏத்தி, பேடை மட்டமா வச்சு, நிக்காம நகர்த்தணும். அப்பப்ப புறங்கையை வச்சுப் பார்க்கணும். கை சுட்டா நிறுத்திடணும். தோள்ல துண்டு, தழையுற வேட்டி கூடாது, இழுத்துச் சுத்திரும்.

பேடுல வெள்ளையா ஒட்டுறதைப் பார்த்து முதல்ல பதறிட்டேன். இந்த வண்டியில மேல கிளியர் கோட்டு கிடையாது, கலர்தான் வரும், பயப்படாதீங்கன்னு பெயிண்டர் போன்ல சொன்னார். கம்பளி பேடுல முடிச்சப்புறம் வெயில்ல பார்த்தா சிலந்திக்கூடு மாதிரி வரி தெரிஞ்சுது. மெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்சு பேடுல, அழுத்தாம, மெல்லிசு பாலிஷ் போட்டு அதை எடுத்தேன். ரெண்டு நாள் ஆச்சு.

பானெட்டை மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியலை. டச்சப் பண்ணா திட்டுத் திட்டாத் தெரியும்னு பெயிண்டர் முழுசா அடிச்சுக் குடுத்தார். புது வெள்ளை வேற, பழைய வெள்ளை வேற. அண்ணன் துடைச்ச பானெட்டு போயிருச்சு.

கல்யாணம் முடிஞ்சு பங்குனியில ஜெகதாப்பட்டினம் போனேன். அங்க மீன் வாங்கிப் பழக்கமான கூட்டாளி ஒருத்தன் பைபர் படகை விற்கணும்னான். படகு வெயில்லயும் உப்புலயும் கிடந்து, கை வச்சா மாவு மாதிரி ஒட்டுச்சு. மெஷினைக் கொண்டு போய் ரெண்டு பேரும் பார்த்தோம். பைபர் படகு மேல இருக்கிற ஜெல்கோட்டு ஏறக்குறைய அரை மில்லி, அதாவது அஞ்சு தாள் கனம். அதுக்காகக் கண்ணை மூடிட்டுத் தேய்ச்சா பைபர் நார் தெரிஞ்சுரும். கம்பளி பேடு, முரட்டுக் காம்பவுண்டு, 1,500 சுத்து. அங்க வேகம் தாங்குச்சு. தண்ணிக்குள்ள முங்குற அடிப்பக்கத்துக்குப் பாலிஷ் தேவையில்லை, அங்க பெயிண்ட்தான். கரையில நீளமான வயர் போட்டதுல கரண்டு இறங்கி மெஷின் முனகுச்சு. கனமான வயர் மாத்தினதும் சரியாச்சு. ஈர மணல்ல நின்னுக்கிட்டு கரண்டு மெஷினைத் தொடாதீங்க, காய்ஞ்ச பலகை மேல செருப்போட நில்லுங்க. கூட்டாளி படகைப் பார்த்துட்டு, இனி விற்கலைன்னுட்டான்.

கல்யாணத்தன்னிக்கு வண்டி கொட்டகையை விட்டு வெளிய வந்து நின்னப்ப எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. அண்ணி ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. பானெட்டுகிட்ட நின்னு கையால தடவிப் பார்த்தாங்க. "பரவாயில்லை தம்பி, பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்"னாங்க.

அவங்களுக்குத் தெரியுது. எனக்கும் தெரியுது. இப்ப ஞாயித்துக்கிழமை நான்தான் போய் அந்த வண்டியைத் துடைக்கிறேன். மெஷின் இல்லாம, பனியன் துணியிலதான்.