சக்கரத்தின் கீழ் ஒரு செங்கல்

டில்லி சமவெளியில் அமைந்த நகரம் என்று பூகோளப் பாடத்தில் படித்துவிட்டு இங்கு குடியேறுகிற நம்மவர்கள், சைக்கிள் மிதிக்கத் தொடங்கியதும் உண்மையை உணர்ந்துகொள்வார்கள். ஆரவல்லி மலைத்தொடரின் வால் இந்நகருக்குள் நீண்டு கிடக்கிறது. "ரிட்ஜ்" என்று நாம் வழங்கும் அந்தப் பாறை மேட்டிலிருந்து கிழக்கே யமுனையை நோக்கி நிலம் சரிந்துகொண்டே போகிறது. இராமகிருஷ்ணபுரத்தில் சுவாமிநாதனுக்குக் குன்றின்மேல் கோயில் எடுத்து 1973-இல் குடமுழுக்குச் செய்ய முடிந்தது, இவ்வூரில் குன்று என்று சொல்லத்தக்க ஒன்று இருந்ததனால் அன்றோ!

சென்ற தைக் கிருத்திகையன்று அம்மலை மந்திருக்குச் சென்று திரும்புகையில், இறக்கமான சாலை ஒன்றின் ஓரத்தில் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நிற்கக் கண்டோம். கனத்த மரத்தில் செதுக்கு வேலையும் பித்தளைக் குமிழ்களும் கொண்ட இரட்டைச் சக்கர வண்டிகள் அவை. மாடுகள் இல்லை. வண்டியடியில் பாத்திரங்கள், வண்டிமேல் தலைகீழாகக் கவிழ்த்த கயிற்றுக் கட்டில், பக்கத்தில் சிறு உலைக்களம். காடியா லோஹார் எனப்படும் நாடோடிக் கொல்லர்களின் குடியிருப்பு அது. டில்லியில் பலகாலம் இருக்கும் நாம் இவர்களை ஆயிரம் முறை கடந்து சென்றிருப்போம். கரண்டியோ வாணலியோ வாங்கியும் இருப்போம். நின்று பார்த்ததில்லை.

அன்று நின்றதற்குக் காரணம் எம் மருமகன். தங்கையின் புதல்வனாகிய அவன் அமெரிக்காவில் பொறியாளனாக இருக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமா, காரை நிறுத்துங்கள். அந்த அம்மாள் வண்டியை மட்டம் செய்கிறாள்!" என்று கூவினான்.

முதிய மாது ஒருத்தி வண்டித் தளத்தின்மீது ஒரு தாம்பாளத்தை வைத்து அதில் சிறிது தண்ணீர் வார்த்திருந்தாள். நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அவள் விளிம்பிலிருந்து விரலால் அளந்து, மகனுக்கு ஏதோ ஆணையிட்டாள். அவன் கடப்பாரையை அச்சின்கீழ் நெம்புகோலாக ஊன்ற, பேரன் சக்கரத்தின்கீழ் ஒரு செங்கல்லைத் தள்ளினான். மறு சக்கரத்தின் இருபுறமும் ஏற்கனவே கற்கள் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன.

எம் மருமகன் கைபேசியை எடுத்து அதிலுள்ள மட்டக் கருவியை எங்களுக்குக் காட்டினான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் குமிழி நகர்வதுபோல அதில் ஒரு புள்ளி நகர்ந்தது. அடுத்த வண்டியின் தளத்தில் அதை வைத்துப் பார்த்தான். மூன்று பாகை சாய்வு. சக்கரத்துக்குச் சக்கரம் 5 அடி. கணக்குப் போட்டால் தாழ்ந்த பக்கம் 3 அங்குலம் உயரவேண்டும். அம்மாது தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு ஒற்றைச் செங்கல்லைச் சுட்டினாள். செங்கல்லின் கனமும் ஏறத்தாழ அதுவே.

அவன் ஏன் இவ்வளவு பரபரப்படைந்தான் என்பதைச் சொல்லவேண்டும். அங்கே அவனிடமும் ஒரு சக்கர வீடு உண்டு. சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கிய பெரிய இழுவை வண்டி. லாரி போன்ற ஒரு காரின் பின் தட்டில் அதன் மூக்கு மாட்டப்படும். "ஐந்தாம் சக்கரம்" என்று அதற்குப் பெயர். சாலையில் உருளும் ஐந்தாவது சக்கரம் எதுவும் அதில் இல்லை. பழைய குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவசமாக ஒரு வளையம் பொருத்தியிருந்தார்கள். அந்தப் பெயரே, வண்டி மூக்கின் முளை சென்று பூட்டிக்கொள்ளும் இரும்புத் தட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் நாட்டில் கொள்கலன் ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளிலும் இத்தட்டைக் காணலாம்.

விடுமுறை நாட்களில் காட்டிலும் மலையடிவாரத்திலும் உள்ள முகாம்களில் இவ்வீட்டைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். போனவுடன் அடுப்பு மூட்டுவதற்குமுன் செய்யவேண்டிய வேலை மட்டம் பார்ப்பது. இதில் ஒழுங்குமுறை உண்டாம். முதலில் இடவல மட்டம்: வண்டி காரோடு பூட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றவேண்டும். அடுத்து எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதன்பின்னரே முன்கால்களை இறக்கிப் பூட்டைக் கழற்றலாம். கடைசியாக முன்கால்களை ஏற்றி இறக்கி முன்பின் மட்டம் சரிசெய்வார்கள். பின்னால் இறக்கும் சிறு கால்கள் வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கே; அவற்றால் வண்டியைத் தூக்க முயன்றால் சட்டம் வளைந்துவிடும்.

"சிறிது சாய்ந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?" என்று கேட்டோம். கதவு தானே திறந்துகொள்ளும், தொட்டி நீர் வடியாது, தலை தாழ்ந்து உறக்கம் வராது என்றான். அவற்றைவிட முக்கியமானது குளிர்பெட்டி. அத்தகைய வண்டிகள் பலவற்றில் உள்ள பெட்டி, அம்மோனியாவும் நீரும் கலந்த திரவத்தை வெப்பத்தால் சுழலவைத்துக் குளிர்ச்சி தருவது. அத்திரவம் தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து இறங்கவேண்டும். பெட்டி அதிகம் சாய்ந்து நின்றால் திரவம் தேங்கும். நாளடைவில் குழாய் அடைத்துப் பெட்டியே பாழாகும். ஒரு முறை முட்டுக்கட்டை வைக்க மறந்து பூட்டைக் கழற்றியபோது, வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றதைச் சொல்கையில் அவன் முகம் இன்னமும் வெளிறியது. உள்ளே அவன் குழந்தை உறங்கிக்கொண்டிருந்ததாம்.

திருவாரூர்த் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் நீரழுத்தத் தடையும் செய்து கொடுத்த பின்னரும், அவ்வளவு பெரிய தேரை வீதி மூலையில் திருப்புவது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களின் கைத்திறனே.

மீண்டும் வண்டியண்டை வருவோம். இடவல மட்டம் முடிந்ததும் ஏர்க்காலின் நுனிக்குக் கீழே ஒரு மரக்கட்டையை நட்டு, முன்பின் மட்டத்தைச் சரிபார்த்தார்கள். அமெரிக்க முறையும் இதே வரிசைதான் என்று மருமகன் வியந்தான். நாம் இந்தியில் அம்மாதிடம், எங்கிருந்து இப்போது வந்திறங்கினீர்கள் என்று வினவினோம்.

அவள் சிரித்தாள். "எங்கிருந்தும் வரவில்லை, பாபுஜி. இந்த இடத்தில் இருபத்திரண்டு ஆண்டாக நிற்கிறோம். மழையில் மண் கரைகிறது. நடைபாதையைத் தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள். செங்கல் புதைந்து போகிறது. ஆண்டுதோறும் மட்டம் செய்யவேண்டியிருக்கிறது."

ஓடாத வண்டிக்கு இத்தனை பாடா என்று தோன்றியது. இக்குலத்தார் வழங்கும் கதையை நாம் முன்னரே கேட்டிருந்தோம். 1568-இல் அக்பரிடம் சித்தூர்க்கோட்டை வீழ்ந்தபோது, கோட்டை மீளும்வரை வீட்டில் வசிப்பதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, இரவில் விளக்கேற்றுவதில்லை என்று இவர்களுடைய முன்னோர் சூளுரைத்தனராம். கட்டிலைக் கவிழ்த்து வைப்பது அதன் அடையாளம். 1955 ஏப்ரலில் பிரதமர் நேரு இவர்களைச் சித்தூருக்கு அழைத்துச் சென்று, சபதம் நிறைவேறிற்று, இனி நிலைகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சிலர் குடியமர்ந்தனர். பலர் சாலையோரங்களிலேயே நின்றுவிட்டனர். ஆலையில் செய்த கரண்டி மலிவாக வந்தபின் ஊர் ஊராகச் சுற்றியும் பயனில்லை, மாடுகளை விற்றுவிட்டார்கள்.

"அப்படியானால் சக்கரத்தைக் கழற்றித் தரையோடு வைத்துவிட்டால் என்ன, அம்மா? இந்தச் செங்கல் தொல்லை இராதே!" என்றோம். புத்திசாலித்தனமான யோசனை என்றே எண்ணினோம்.

அவள் மகன் உலையினின்று பழுத்த இரும்பைக் குறட்டால் பற்றி எடுத்துப் பட்டடையில் வைத்தான். மருமகள் சம்மட்டியை ஓங்கி அடித்தாள். இக்குலத்தில் சம்மட்டி பிடிப்பது பெரும்பாலும் பெண்களே. ஓசை அடங்கியபின் கிழவி விடை சொன்னாள்: "சக்கரம் இருக்கும்வரை இது வண்டி. கழற்றினால் குடிசை. குடிசையை இடிக்க வருவார்கள், பாபுஜி. வண்டியை நகர்த்து என்றுதான் சொல்வார்கள்."

எமக்கு வாய் அடைத்தது. வாடகை வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்த நாளில் எமக்கு உண்டான கலக்கம் நினைவுக்கு வந்தது. எமக்கேனும் கையில் நோட்டீஸ் என்று ஒரு காகிதம் இருந்தது.

மருமகன் தன் வண்டிக்கு இரண்டு இரும்பு முட்டுக்கட்டைகள் வேண்டும் என்று சைகையால் தரையில் வரைந்து காட்டினான். கிழவி அளவு கேட்டாள். சக்கரத்தின் விட்டத்தைக் கேட்டாள். அடிப்பக்கம் பல் வைக்கவேண்டும், இன்றேல் ஈரப் புல்லில் வழுக்கும் என்று தானே சொன்னாள். ஈரப் புல் அவனுடைய முகாமில் உண்டென்பதை அவளுக்கு யார் சொன்னார்களோ! நான்கு நாட்களில் செய்து கொடுத்தாள். இரண்டும் சேர்ந்து ஆறு கிலோ. விமானத்துக்குப் பெட்டி கட்டிய இரவில், எம் இல்லாள் அவனுக்காகப் போட்ட ஆவக்காய்ப் புட்டிகள் மூன்றும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன.